மருமகனோ, பெறாமகனோ

செவன் கிங்ஸ், லண்டன்
16.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என்னுடைய பிரஷர் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. உங்கள் முழங்கால் எப்படி, சீனி எவ்வளவில் நிற்கிறது, பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை எத்தனை தரம் அள்ளினீர்கள் என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுங்கள். காதுக்கு மிஷின் வாங்கியனுப்பியும் பெட்டியைத் திறக்கவில்லையென்று கேள்விப்பட்டேன். போனும் கேளாது, வாட்ஸ்அப்பும் வேண்டாம், தபால்தான் வேண்டுமென்றால் நானும் எழுதத்தானே வேண்டும்! போஸ்ட்மாஸ்டருக்குத் தங்கையாய்ப் பிறந்த பலன்.

இனி விஷயம். நின்றுகொண்டு வாசிக்கிறீர்கள் என்றால் முதலில் இருங்கள். அண்ணை, நான் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன்!

செத்து முப்பத்தைந்து வருஷமான மனிசனை எங்கே கண்டுபிடித்தாய் என்று கேட்பீர்கள். 1921ஆம் ஆண்டில், இதே லண்டனில். இல்ஃபோர்ட் நூலகத்தில் பழைய குடிசனக் கணக்கில் குடும்பத்தைத் தேடுவது எப்படி என்று வகுப்பு நடத்துகிறார்கள். நான் வீட்டிலிருந்து தன்னை நச்சரிப்பதாகச் சொல்லி என் மகள் விதுஷாதான் என்னைச் சேர்த்துவிட்டாள். நாலாவது நாள் வகுப்பில் சும்மா, அப்பாவை வளர்த்த டொக்டரின் பெயரை, 'பொன்னம்பலம்' என்று தட்டினோம். இஸ்லிங்டனில் ஒரு வீட்டின் மேல்மாடி. டொக்டர் பொன்னம்பலம், அவர் மனைவி, அவர்களோடு ஒரு சின்னப் பையன்.

ஊர்க்கதை உங்களுக்குத் தெரியும். விதுஷாவுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டொக்டர் லண்டனில் படித்து முடித்து மானிப்பாய்க்கு வந்து இறங்கியபோது கையில் ஆறு வயதுப் பிள்ளை. யாருடைய பிள்ளை என்று சாகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? லண்டனில் எவளுக்கோ டொக்டர் பெற்றது என்று முடிவு கட்டியது. பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் கேட்டு, பதில் இல்லாமல், வளர்த்தவர் பெயரைப் போட்டு 'பொ. தாமோதரம்' என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒற்றை எழுத்தே சாட்சியாகிவிட்டது. அப்பாவும் தான் யார் பிள்ளையென்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது கேளுங்கள். கணினியில் தட்டச்சில் வந்தது இது: தாமோதரம் ஐயம்பிள்ளை. வயது ஐந்து வருஷம் மூன்று மாதம். பிறந்த இடம் மலாயா, தைப்பிங். தாய் தகப்பன் இருவரும் இறந்துவிட்டனர். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு? 'நெவ்யூ.'

மகன் இல்லை அண்ணை, நெவ்யூ, கூடப்பிறந்த யாரோ ஒருவரின் பிள்ளை! அப்பாவுக்குத் தகப்பன் பெயர் இருக்கிறது, ஐயம்பிள்ளை. பிறந்த மாதமும் இருக்கிறது, பங்குனி. அப்பாவின் பிறந்த நாளை நாங்கள் ஒருநாளும் கொண்டாடியதில்லையே. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில், பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவி தண்ணீர் வாங்கித் தந்தாள்.

உடனே பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை
கலாவதி

*

மானிப்பாய்
12.02.2024

அன்புத் தங்கை கலாவுக்கு,

உன் கடிதம் 6ஆம் திகதி கைக்கு வந்தது. இருபத்தொரு நாள். நான் தபால் கந்தோரில் இருந்த காலத்தில் எட்டு நாளுக்கு மேல் சுணங்கினால் விளக்கம் கேட்போம். நான் சுகம். சீனி பரவாயில்லை. பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடு.

விஷயம் வாசித்தேன். சந்தோஷம்.

ஒரு கேள்வி. நெவ்யூ என்று எழுதியிருக்கிறாய். எந்த நெவ்யூ? ஆங்கிலத்தில் அண்ணன் தம்பி பிள்ளையும் நெவ்யூ, அக்கா தங்கை பிள்ளையும் நெவ்யூ. எல்லாம் ஒரே பானைக்குள். எங்களுக்கு அப்படியில்லை. சகோதரனின் மகன் பெறாமகன்; சகோதரியின் மகன் மருமகன். டொக்டருக்கு அப்பா மருமகனோ, பெறாமகனோ? அதை விசாரித்து எழுது. அவசரமில்லை. ஆனால் சுணங்காதே.

இன்னொன்று. அங்கே எட்மண்டன் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவருக்கும் இப்போதைக்குச் சொல்லிவைக்க வேண்டாம்.

விதுஷாவுக்கு என் ஆசி.

இப்படிக்கு
அண்ணன் இராஜேந்திரன்

*

செவன் கிங்ஸ்
03.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம்தானே? நான் நல்ல சுகம். குளிசையும் போடுகிறேன், உங்கள் கடிதத்தையும் போட்டுப் போட்டு வாசிக்கிறேன்.

எட்மண்டனுக்குச் சொல்லவேண்டாமாம்! உங்கள் கடிதம் வருமுன்னமே சொல்லிவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா? தைப்பூசத்தன்று மனோர் பார்க் முருகன் கோயிலில் மலர் அக்காவைக் கண்டேன். டொக்டரின் பேத்தியிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அவவின் புருஷன் இறந்து ஆறு வருஷமாகிறது, மகன் தர்சிகனோடு எட்மண்டனில் இருக்கிறா. கையில் அருச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றா.

"அக்கா, எங்கட அப்பா உங்கட அப்பப்பாவின்ர மகன் இல்லையாம். நெவ்யூவாம்," என்றேன்.

அவ தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றா. பின்னால் நின்றவர்கள் "நடவுங்கோ, நடவுங்கோ" என்கிறார்கள். அவ நடக்கவில்லை.

"மருமகனோ, பெறாமகனோ?" என்று கேட்டா.

"அது தெரியேல்லை. ஏன் அக்கா?"

"சும்மா," என்றா. பிறகு வேறு யாருடையதோ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா. அந்தச் சப்பாத்துக்காரி கோயில் வாசலில் வைத்து என்னைக் கிழிகிழியென்று கிழித்தாள்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு உங்கள் கடிதம் வந்தது. மருமகனோ, பெறாமகனோ! சொல்லுக்குச் சொல் அதே கேள்வி, அதே ஒழுங்கு. ஐம்பது வருஷமாக ஒருவரோடொருவர் கதைக்காத இரண்டு பேர் இப்படிக் கேட்டால் நான் என்ன நினைப்பது? என்னை மொக்கு என்று நினைத்தீர்களா?

1974இல் எனக்குப் பதினாறு வயது. நீங்கள் திடீரென்று மன்னாருக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. எத்தனை பெண் பேசியும் வேண்டாமென்றது ஞாபகம் இருக்கிறது. அம்மா ஏனென்று சொல்லாமலே அழுதா. அண்ணை, நான் இப்போது சின்னப்பிள்ளை இல்லை, அறுபத்தாறு வயது. என்ன நடந்ததென்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மலர் அக்காவையே கேட்பேன்.

அன்புத் தங்கை
கலா

*

மானிப்பாய்
16.04.2024

அன்புத் தங்கை கலாவுக்கு,

வருஷப்பிறப்பு வாழ்த்து. உன் கடிதம் மார்ச் 21ஆம் திகதியே வந்துவிட்டது, தபாலில் பிழை சொல்லாதே. நாலு தரம் பதில் எழுதிக் கிழித்தேன்.

அவவைக் கேட்காதே, நானே சொல்கிறேன். 1973இல் நான் மானிப்பாய்க் கந்தோரில் முத்திரை மேசையில் இருந்தேன். மலர் ஒவ்வொரு செவ்வாயும் முத்திரை வாங்க வருவா. அந்த வீட்டில் அவ்வளவு கடிதம் எழுத ஆளில்லை. அது எனக்கு விளங்க மூன்று மாதம் எடுத்தது. விளங்கிய பிறகு நானே போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அவவின் தகப்பன் சபாநாதனிடம் சொன்னார். டொக்டரின் மகனான அவரும் எங்கள் அப்பாவும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக வளர்ந்தவர்கள், நாங்களும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டோம். அவர் கோபப்படவில்லை. எல்லோரையும் விறாந்தையில் இருத்திவிட்டு அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணை, நீங்கள் என்ர ஐயாவின்ர மகன் இல்லையெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. நான் நாளைக்கே நாள் பார்க்கிறன்."

அப்பா தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்தார். பிறகு, "எனக்குத் தெரியாது, தம்பி," என்றார்.

அவ்வளவுதான். தகப்பன்மார் சகோதரம் என்றால் பிள்ளைகளும் சகோதரம். தங்கச்சி முறைக்காரியை யார் கட்டுவது? அப்பா பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கலியாணம் நடந்திருக்கும். அவர் பொய் சொல்லாத மனிசன். அதற்காக நான் அவரை ஒருநாளும் கோபித்ததில்லை. அதற்குப் பிறகு அவர்தான் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

மலருக்கு 76இல் கலியாணம். மன்னாரிலிருந்து வாழ்த்துத் தந்தி அடித்தேன். அடித்ததும் என் கைதான்.

நெவ்யூ என்று நீ எழுதியதை வாசித்த அன்று முழங்கால் நோவு தெரியாமல் கிணற்றடிவரை நடந்தேன், உண்மை. ஆனால் அதே கடிதத்தில் தைப்பிங் என்றும் எழுதியிருந்தாய். டொக்டருக்கு ஒரு தமையன் இருந்தார், மலாயா ரயில்வேயில். ஊரில் அவரைத் தைப்பிங்கார் என்றுதான் சொல்வார்கள், சொந்தப் பெயர் தெரிந்த ஆள் இன்றைக்கு ஒருவரும் இல்லை. ஐயம்பிள்ளை அவராகத்தான் இருக்கும். அப்படியென்றால் அப்பா பெறாமகன். மகன் என்றாலும் பெறாமகன் என்றாலும் முறை மாறாது, மலர் எனக்குத் தங்கச்சிதான். பெரியவர்கள் சொன்னது சரி.

ஆகவே இதை விட்டுவிடு. அவவுக்கும் பெறாமகன் என்று சொல்லிவிடு. உன் முயற்சிக்கு நன்றி.

அண்ணன்
இராஜேந்திரன்

*

செவன் கிங்ஸ்
05.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் கேட்கப்போவதில்லை. நீங்கள் சுகமாய் இல்லை என்று தெரியும். நானும் இரண்டு நாள் அழுதேன். அழுதுவிட்டு உங்கள் மேல் நல்ல கோபத்தில் இருக்கிறேன். ஐம்பது வருஷம்! ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் தின்ற தங்கச்சிக்கு ஒரு சொல் சொல்லத் தோன்றவில்லையா?

விடமாட்டேன். ஐயம்பிள்ளைதான் தைப்பிங்கார் என்று உங்களுக்கு யார் சொன்னது? அதுவும் ஊகம்தானே. ஊகத்தில் ஒரு தரம் உங்கள் கலியாணம் நின்றது போதும். மலர் அக்காவுக்கு நான் பெறாமகன் என்று சொல்லவும் மாட்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வராது, நானும் அந்த அப்பாவின் பிள்ளைதான்.

வகுப்பு ஆசிரியை ஒன்று சொன்னா. நாங்கள் பார்த்தது தட்டச்சில் எடுத்த பிரதி. அசல் படிவம் வேறாம். அந்த முறை படிவத்தை வீட்டுக்கு வீடு கொடுத்து, வீட்டுக்காரரே கைப்பட நிரப்பவேண்டும் என்று விட்டார்களாம். அதன் படத்தைக் கியூ என்ற ஊரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்க ஏலுமாம். 18ஆம் திகதி சனிக்கிழமை விதுஷாவோடு போகிறேன். டொக்டரின் கையெழுத்தை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மிச்சம்.

குளிசையை ஒழுங்காகப் போடுங்கள். சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

கலா

*

கியூவிலிருந்து வரும் ரயிலில்
18.05.2024

அண்ணை! அண்ணை! அண்ணை!

சுகம் எல்லாம் பிறகு. ரயில் ஆடுகிறது, எழுத்து விளங்காவிட்டால் பூதக்கண்ணாடியை எடுங்கள்.

படிவத்தைப் பார்த்தோம். முழுக்க முழுக்க டொக்டர் எழுதியதில்லை. மேலே அவர் பெயரும் வேலையும் ஒரு கிறுக்கல் எழுத்தில், மருந்துச் சீட்டு மாதிரி. கீழே மற்ற இரண்டு வரியும் முட்டை முட்டையாய், ஒவ்வொரு எழுத்தாய்ப் பார்த்துப் பார்த்து எழுதிய எழுத்து. அவர் மனைவி, எங்கள் டொக்டரம்மா எழுதியது! லண்டனுக்கு வந்து ஆங்கிலம் படித்தவ. டொக்டர் வார்ட்டுக்கு ஓடியிருப்பார், மிச்சத்தை நீ நிரப்பு என்று விட்டிருப்பார்.

அப்பாவின் வரிக்கு வந்தேன். உறவு என்ற கட்டத்தில் 'நெவ்யூ' என்று கிறுக்கல் எழுத்தில் இருக்கிறது. ஆனால் அதன் கீழே, முட்டை எழுத்தில், வேறொரு சொல் எழுதிக் குறுக்கே ஒரு கோடு. தட்டச்சுப் பிரதியில் இதெல்லாம் வரவில்லை, அடித்த சொல்லை யார் எடுப்பார்கள்? விதுஷா படத்தைப் பெரிதாக்கினாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, சன்-இன்-லோ எண்டு கிடக்குது."

"என்னது?"

"சன்-இன்-லோ. அஞ்சு வயசு. அம்மா, அந்தக் காலத்தில அஞ்சு வயசிலயா கலியாணம் கட்டி வைச்சவை? டிஸ்கஸ்ரிங்!"

பக்கத்தில் கணக்கெடுப்புக் கந்தோர்க்காரன் எவனோ பச்சை மையில் பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறான். அவனுக்கும் தலை சுற்றியிருக்கும். டொக்டருக்கு அப்போது மகளே இல்லை, ஐந்து வயதில் மருமகன் எங்கிருந்து வந்தான் என்று.

எனக்கு ஒரு நிமிஷம் எடுத்தது. பிறகு அந்த அமைதியான மண்டபத்தில் நான் போட்ட சத்தத்துக்குக் காவலர் வந்துவிட்டார்.

அண்ணை, விளங்குகிறதா? மகளின் புருஷனும் எங்களுக்கு மருமகன்தான், சகோதரியின் மகனும் மருமகன்தான். டொக்டரம்மாவின் மனதில் இருந்த சொல் மருமகன். அதற்கு ஆங்கிலம் என்னவென்று அகராதியில் பார்த்திருப்பா, சன்-இன்-லோ என்று இருந்திருக்கும், அப்படியே பார்த்து எழுதிவிட்டா. டொக்டர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, வெட்டிவிட்டு நெவ்யூ என்று எழுதியிருக்கிறார். அப்பா தமையனின் பிள்ளை என்றால் அவவின் வாயில் பெறாமகன் என்றுதானே வந்திருக்கும்! பெறாமகனை எந்த அகராதியைப் புரட்டினாலும் சன்-இன்-லோ வராது, தலைகீழாய் நின்றாலும் வராது.

மருமகன். சகோதரி மகன். அப்பாவும் சபாநாதனும் அண்ணன் தம்பி இல்லை, மச்சான்மார். அவர் எங்களுக்குச் சித்தப்பா இல்லை, மாமா. அப்படியென்றால் மலர் அக்கா உங்களுக்கு யாரென்று நீங்களே எழுதுங்கள்!

நகல் இதோடு இருக்கிறது. ஸ்ட்ராட்போர்ட் வந்துவிட்டது, இறங்கவேண்டும்.

கலா

*

மானிப்பாய்
11.06.2024

கலா,

இருபத்து மூன்று நாள் எடுத்திருக்கிறது. இப்படி ஒரு கடிதத்தை இருபத்து மூன்று நாள் வைத்திருந்தவன் நல்லாயிருக்கமாட்டான்.

நான் மிகவும் சுகம். வாசித்துவிட்டுக் கேற்றைப் பூட்டாமல் மருதடிப் பிள்ளையாரிடம் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு மாடு பூங்கன்று எல்லாவற்றையும் தின்றுவிட்டது. தின்னட்டும்.

நகலை நாற்பது தரம் பார்த்திருப்பேன். முதலில் நம்பப் பயமாக இருந்தது. ஒரு அடித்த சொல்லை வைத்து என்ன செய்வது என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. டொக்டருக்குப் பார்வதி என்று ஒரு தங்கை இருந்ததாகவும், சின்னனிலேயே காய்ச்சலில் போனதாகவும் சபாநாதன் சொல்வார். ஆனால் டொக்டரம்மா பழைய நாளைக் கணக்குச் சொல்லும்போது "பார்வதிக்குக் கீரிமலையில அந்தியேட்டி செய்த வருஷம்" என்று சொல்வாவாம். அப்பா சொல்லி நானே கேட்டிருக்கிறேன். வளர்ந்து செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் காரியத்தைச் சின்னப்பிள்ளைக்கு யாராவது செய்வார்களா? இவ்வளவு காலமும் இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை?

அவ சின்னனில் சாகவில்லை, கலா. தமையனுக்குச் சமைத்துப்போடத் தைப்பிங்குக்குப் போயிருப்பா. அங்கே ஐயம்பிள்ளை என்ற மனிசனை விரும்பிக் கட்டியிருப்பா. தாய் தகப்பனுக்குப் பிடிக்காத இடம். உயிரோடிருந்தவளுக்கு இங்கே காரியம் செய்து முடித்துவிட்டார்கள். இரண்டு பேரும் அங்கே செத்துப்போக, டொக்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போனார். ஊருக்கு வந்த பிறகு என்ன சொல்வது? பெற்றவர்கள் அந்தியேட்டி செய்த பெண்ணுக்கு அதன் பிறகு பிள்ளை பிறந்தது என்றா? அவர் பேசாமல் இருந்தார். ஊர் அவர் மேல் பழி போட்டது, அதையும் வாங்கிக்கொண்டார். லண்டனில் அவரைத் தெரிந்தவர் இல்லை, அதனால் அந்த ஒரு தாளில் மட்டும் உண்மையை எழுதினார்.

இது என் ஊகம். ஆனால் இந்த ஊகத்துக்கு இரண்டு சாட்சி இருக்கிறது, பழைய ஊகத்துக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அப்பா இருந்திருந்தால் என்று நினைக்கிறேன். அந்த விறாந்தையில் அவர் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யாக இருந்திருக்காது.

மலருக்குச் சொல்லிவிட்டாயா? சொல்லாதே. இந்த வயதில் எதற்கு. இல்லை, சொல்லு. அவவும் கேட்டவதானே. உன் விருப்பம்.

அண்ணை

*

செவன் கிங்ஸ்
30.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். பூங்கன்று வாங்கி நட்டுவிட்டீர்களா?

சொல்லாதே, சொல்லு, உன் விருப்பம். மூன்றையும் வாசித்தேன், நடுவில் இருந்ததை எடுத்தேன். இன்றைக்கு எட்மண்டனுக்குப் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

மலர் அக்கா வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டு நின்றா. நகலை மேசையில் வைத்தேன். கையைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தா. நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை, அந்தக் கட்டத்தில் விரலை மட்டும் வைத்தேன். வாசித்தா. அவவுக்கு என்னைப்போல ஒரு நிமிஷமெல்லாம் எடுக்கவில்லை.

"மருமகன்," என்றா.

பிறகு சிரிக்கத் தொடங்கினா. அடக்க அடக்கச் சிரிப்பு வருகிறது. தர்சிகன் மேல்மாடியிலிருந்து பயந்து ஓடி வந்தான். "உங்கட பூட்டி இங்கிலிசில பிழை விட்டுட்டா, ராசா, நல்ல பிழை விட்டுட்டா," என்று அவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தா. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அது எது வரை சிரிப்பு, எங்கிருந்து அழுகை என்று எனக்குத் தெரியாது, நானும் சேர்ந்துகொண்டேன். உழுந்து அப்படியே கிடந்தது.

"அண்ணைக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"நீ ஒண்டும் எழுதாத. நான் எழுதுறன்."

"விலாசம் தரட்டோ?"

"எனக்குத் தெரியும்," என்றா.

ஆகவே நான் ஒன்றும் எழுதவில்லை. இது சும்மா சுகம் விசாரித்து எழுதிய கடிதம்.

அன்புடன்
கலா

*

எட்மண்டன், லண்டன்
02.07.2024

மச்சானுக்கு,

மலர் எழுதுகிறேன். நீங்கள் சுகம் என்று கலா சொன்னாள், காது மட்டும் சுகமில்லையாம். நான் சுகம். ஒரு முழங்கால் மாற்றியாகிவிட்டது, மற்றதற்கு வரிசையில் நிற்கிறேன்.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். தபால் கந்தோரில் இருந்துகொண்டு எனக்கு ஒரு கடிதம் போடத் தெரியாத மனிசன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். 74இல் நீங்கள் மன்னாருக்குப் போன பிறகு ஒவ்வொரு நாளும் தபாற்காரனைப் பார்த்தேன். முறையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தேன். இதை இத்தனை வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. அன்றைக்கு விறாந்தையில் அம்மா "அண்ணைக்குத் தேத்தண்ணி குடு" என்றா. தந்தேன். அதில் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டது தற்செயல் இல்லை. நீங்கள் முழுக்கக் குடித்தீர்கள்.

என் மனிசன் நல்லவர். நாற்பத்திரண்டு வருஷம் ஒரு குறையும் வைக்கவில்லை. அவரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டேன். இந்த வயதில் கலியாணம் கிலியாணம் என்று பயந்து ஓடிவிடவும் வேண்டாம். ஒருவருக்குச் சமைத்துப்போட்டு முடித்துவிட்டேன், இனி ஒருவருக்கும் சமைக்கிற உத்தேசம் இல்லை.

ஆனால் ஒன்று. இந்த நாட்டில் எனக்கு இருக்கிற சொந்தம் முழுக்க அண்ணைமார், தம்பிமார், பெறாமக்கள். எல்லோரும் மரியாதையாகக் கதைக்கிறார்கள். பகிடி விட்டுச் சிரிக்க ஒரு மச்சான் இல்லை. எழுபத்தொரு வயதில் எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. அதைக் கடிதத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாருங்கள். ஆவணியில் இங்கே வெயில் நல்லது. கலா வீட்டில் நில்லுங்கள், பகலில் இங்கே வாருங்கள். எனக்கு நிறையக் கதை இருக்கிறது, சத்தமாகச் சொல்வேன்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் தர்சிகன் எழுதியிருக்கிறான். என்ன உறவு என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டான். 'கசின்' என்று போடச் சொன்னேன். அண்ணனும் கசின்தான், மச்சானும் கசின்தான். விசாக்காரனுக்கு அது போதும்.

மச்சாள்
தவமலர்

*

கொழும்பு
25.07.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பதினைந்து நாளில். நல்ல சுகமாக இருக்கிறேன்.

அது உப்பு என்று அன்றைக்கே தெரியும். நீர் தந்ததென்று குடித்தேன்.

உமக்கு எழுதாதது என் பிழை. ஒவ்வொரு செவ்வாயும் எழுதினேன், 'அன்புள்ள' என்று தொடங்கினால் அடுத்த சொல் வராது. தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை, வேறொன்று எழுத முறை விடவில்லை. இன்றைக்கு முதல் வரியை ஒரே மூச்சில் எழுதினேன்.

நேற்று விசாக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருந்தது, எங்கள் பக்கத்துப் பிள்ளை. தர்சிகனின் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டது. எனக்குக் காதில் விழவில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டியது: 'கசின் எண்டு கிடக்குது ஐயா. எந்த முறையில கசின்?'

"மச்சாள்," என்றேன். "என்ர சொந்த மச்சாள்."

கொஞ்சம் பலத்துச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான்
இராஜேந்திரன்